பள்ளிக்கூடத்தில் பயம் நீக்கிய விபரம்

உடையார்கட்டு,
20.11.1959

அன்புள்ள மைத்துனர் தவராசாவுக்கு,

உமது அக்காவின் முழங்கால் தவிர இங்கு யாவரும் சுகம். அங்கு முழங்கால்களும் சுகம் என நம்புகிறேன். குழம்பாமல் எழுதுவதற்காக விடயங்களை முதலிலேயே இலக்கமிடுகிறேன்:

1. வித்தியாதரிசி சொன்னது.
2. அதை நான் செய்வித்ததும் வந்த வினையும்.
3. பிள்ளைகளின் பயத்துக்குக் காரணம் விமலேஸ்வரி ரீச்சர் என்பது.
4. உம்மால் ஆகவேண்டியது.

சென்ற மாதம் எங்கள் பள்ளிக்கூடம் பார்க்க வந்த வித்தியாதரிசி, "என்ன மாஸ்டர், செத்தவீடு மாதிரிக் கிடக்கு! பிள்ளையள் பயமில்லாமல் சிரிச்சுக்கொண்டெல்லோ படிக்கவேணும்" என்றார். நான் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். சிரிப்பை நேரசூசியில் எங்கே போடுவது என்று இரண்டு நாள் யோசித்து, காலையில் முதற் பத்து நிமிடம் ஆசிரியர்கள் பிள்ளைகளோடு கதைக்கவேண்டும் எனக் கட்டளையிட்டேன். எதைக் கதைப்பது என்று எழுதாமல் விட்டது என் பிழையாக இருக்கலாம். "வீட்டிலை என்ன கதை?" என்று விமலேஸ்வரி ரீச்சர் கேட்க, வீரகத்தியின் மகள் இரஞ்சிதம் எழும்பி, "அப்பு கள்ளுக் குடிச்சுப்போட்டு அம்மாவுக்குப் பயத்திலை மாட்டுப்பட்டியிலை படுத்தவர்" என்றாளாம். வகுப்பே சிரித்தது. வித்தியாதரிசி கேட்ட சிரிப்புத்தான். மத்தியானம் வீரகத்தி வந்து நின்றார். "மாஸ்டர், ஆனா ஆவன்னா படிப்பிக்கத்தானே பிள்ளையை விட்டனான்? என்ரை வீட்டுக் கதையை என்னத்துக்குப் படிப்பிக்கிறியள்?" அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். கதைப்பது அன்றோடு நின்றது.

இந்த நிலையில், கடைக்கார றவூப்பின் மகள் றம்லா, இரண்டாம் வகுப்பு, கெட்டிக்காரி, நாலு நாளாக வரவில்லை. பயமாம். விமலேஸ்வரி ரீச்சர் "எடேய்" என்றால் மதகடியில் நிற்கும் எருமையும் திரும்பிப் பார்க்கும். ஆகவே அவரை வேறிடம் மாற்றும்படி விண்ணப்பம் எழுதி, முந்தாநாள் பஸ்ஸில் அங்கு வந்த அப்புத்துரையிடம் உமக்குக் கொடுத்தனுப்பினேன். கல்விக் கந்தோரில் நீர்தானே கிளாக்கர், அதை வித்தியாதரிசியின் மேசையில் வைத்துவிடும். ரீச்சர் படுக்கையிலிருக்கும் தாயை விட்டுப் போகவேண்டிவரும். அதை நினைக்க இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பிள்ளைகள் அல்லவா முக்கியம்.

உமது பிள்ளைகளுக்கு என் ஆசி. சின்னவனுக்கு இரண்டு பங்கு, அவனுக்குத்தான் கணக்கு வராது.

இப்படிக்கு,
அத்தான் கதிர்காமநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் றவூப்பின் வீட்டுக்குப் போனேன். தாய் சரீபா இருக்கக் கதிரை தந்தா. றம்லா கதவுக்குப் பின்னால் நின்றாள். "விமலேஸ்வரி ரீச்சருக்கோ பயப்பிடுறாய்?" என்றேன்.

"ரீச்சர் ஏசுவா, பிறகு சிரிப்பா. பெரிய மாஸ்டருக்குத்தான் எனக்குப் பயம். ஒண்டும் பேசமாட்டார். பாத்துப் பாத்து எழுதுவார்."

நான் குற்றம் எழுதுவதாகப் பள்ளிக்கூடம் முழுவதும் நினைத்திருக்கிறது! பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தால் எனக்குக் கூச்சம். உடனே கிடுகு வேய்ந்த கூரையைப் பார்த்து, ஒழுகும் இடங்களை எழுதுவேன். கொப்பியை நீட்டினேன். "மேற்குப் பக்கம், மூன்று கிடுகு" என்று எழுத்துக்கூட்டி வாசித்தாள். "என்ரை தலைக்கு மேலையும் ஒழுகுதே, அதை எழுதேல்லையோ?" என்றாள். எழுதினேன். திங்கட்கிழமை வருகிறாளாம்.

ஆகையால் மூன்றாவது விடயம் பிழை. விமலேஸ்வரி ரீச்சர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு வாசிக்கவும். விண்ணப்பத்தில் மட்டும் அப்படிப் போடவேண்டாம். அதைக் கிழித்துவிடும்.