சிவனாண்டி வீட்டுக் கொள்முதல் குழு

“இந்த வீட்ல டூத் பிரஷ் வாங்குறதுக்கே மூணு கடையில விலை எழுதி வாங்கணும். நான் கேட்டது கேமிங் கம்ப்யூட்டரு. அது வந்து சேருறதுக்குள்ள நான் வேலைக்குப் போயி ரிட்டயர்டே ஆயிருவேன்!”

இது என் மகள் தாமரைச்செல்வியின் புகார். ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. அவள் இதைக் கத்திக்கொண்டிருந்தபோது அவளுடைய அப்பா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கேஸ் சிலிண்டர் ரசீதுக்கு ஓட்டை போட்டுக் கோப்பில் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்து முடிச்சையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

“ஆசைப்பட்டது தப்பில்ல தாயி. வாயால கேட்டதுதான் தப்பு. எழுத்துபூர்வமாக் குடு.”

“வாங்கித் தாரேன்னு நீங்கதானப்பா சொன்னீங்க?”

“நானும் வாயாலதானே சொன்னேன்? அதுக்கு என்ன ரெக்கார்டு இருக்கு?”

என் வீட்டுக்காரர் சிவனாண்டி ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். எந்தத் துறையைச் சொன்னாலும் “ஆமாமா, எனக்கும் அங்கே இப்படித்தான் ஆச்சு” என்பீர்கள். உசிலம்பட்டிப் பக்கம் பிறந்து, நேர்மையாகப் படித்து, நேர்மையாக வேலைக்குச் சேர்ந்தவர். ஒரு பைசா லஞ்சம் வாங்க மாட்டார். வாங்குவதற்கும் ஒரு நடைமுறை வகுத்துக் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பாரோ, எனக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். தாமரை மேலூர் ரோட்டில் ஒரு கல்லூரியில் இன்ஜினியரிங் படிக்கிறாள். ஏப்ரல் மாதம் கல்லூரி விழாவில் கம்ப்யூட்டர் கார் ரேஸ் போட்டி. ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பை ஒட்டியிருக்கும் பிரவுசிங் சென்டரில் பழகிப் பழகியே தகுதிச் சுற்றுகளைத் தாண்டி இறுதிச் சுற்றுவரை வந்துவிட்டாள். அந்தச் சுற்றில் அவள் ஒருத்திதான் பெண். “ஏதோ லக்குல வந்துருச்சு, பிரேக் எதுன்னாவது தெரியுமா?” என்று பையன்கள் அவள் காதுபடவே பேசியிருக்கிறார்கள். அன்றிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. கப்பு வேண்டாம், பரிசு வேண்டாம். அந்தப் பயல்களை ஒரு தடவை பின்னால் விட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

இதற்குள் அவள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்ததை யாரோ ஓர் அலுவலக நண்பர் பார்த்து இவரிடம் சொல்லிவிட்டார். இவர் உடனடியாகத் தடையுத்தரவு போட்டார். அதற்கு ஈடாகத்தான் “வீட்லயே ஒண்ணு வாங்கித் தாரேன்” என்ற வாக்குறுதி.

சரி என்று எழுதிக் கொடுத்தாள். விண்ணப்பதாரர் பெயர், தகப்பனார் பெயர் (தகப்பனாரிடமே கொடுக்கிற விண்ணப்பத்தில் தகப்பனார் பெயர்!), தேவைக்கான காரணம்: கார் ரேஸ் விளையாட.

இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“விளையாட்டா? விளையாட்டுங்கிற தலைப்புல நம்மகிட்ட நிதி ஒதுக்கீடே கிடையாதே.”

“உங்க பணந்தானப்பா!”

“என் பணங்கிறதாலதான் யோசிக்கிறேன். அரசாங்கப் பணமா இருந்தா இந்நேரம் கையெழுத்துப் போட்டுருப்பேன்.”

இந்த இடத்தில் நான் தலையிட்டேன். நான் கான்வென்ட்டில் படித்தவள். ஒரு கமா விட்டுப்போனால் உள்ளங்கை சிவக்கிற மாதிரி அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த இங்கிலீஷ் கல்யாணத்துக்குப் பிறகு பால்பாக்கெட் மேல் இருப்பதைப் படிக்க மட்டுமே பயன்பட்டு வந்தது. காகிதத்தை வாங்கி, “விளையாட” என்பதை அடித்து, உயர்தொழில்நுட்பக் கல்வியின் பொருட்டு என்று அரைப் பக்கத்துக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன்.

“பொய் இல்லையாம்மா?” என்றாள் மகள்.

“பொய் இல்லடி. டிராஃப்டிங்.”

இவர் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அப்படிப் பார்க்கவில்லை. மறுநாளே கொள்முதல் குழு அமைக்கப்பட்டது. தலைவர் இவர். தொழில்நுட்ப உறுப்பினர் இவருடைய தம்பி சோலை. சிமெண்டுக் கடை வைத்திருக்கிறார். கடையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, அதில் அவர் சீட்டு விளையாடுவார், அதுதான் தகுதி. மகளிர் பிரதிநிதி நான்.

“நான்?” என்றாள் தாமரை.

“நீ பயனாளி. பயனாளிக்குக் குழுவுல இடம் கிடையாது. நாளைக்கு ஒரு கேள்வி வந்துறக் கூடாது பாரு.”

ஆக, வீட்டில் கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் முறைப்படி வெளியேற்றப்பட்டாள்.

எங்கள் தெருவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்த வருஷம் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். வாங்கி, சுருக்கம் வைத்த உறை தைத்துப் போட்டு, ஹாலில் வாசலுக்கு நேராக வைத்தார்கள். எதிர்வீட்டு அழகம்மாள் வீட்டில் செருப்பைக் கழற்றி, காலைக் கழுவிவிட்டுத்தான் அதன் பக்கத்தில் போக முடியும். அவர்கள் அதை ஆயுத பூஜைக்கு மட்டும் போட்டுக் காட்டுவார்கள் என்று நான் கேலி பேசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அழகம்மாள், “அக்கா, எங்க கம்ப்யூட்டர்ல டிவியே தெரியும்க்கா” என்றாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

மார்ச் கடைசியில் ஒரு சாயந்தரம் குழு முழுவதும் பயனாளியும் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் வெங்கடேஷ்பாபு நல்ல மாதிரியான மனிதர். கடை வாசலிலேயே ஒரு ரெடிமேட் கேமிங் சிஸ்டம் போட்டு வைத்திருந்தார். சாதாரணக் கறுப்புப் பெட்டி. ஆனால் உள்ளே தனியாக கிராபிக்ஸ் கார்டு உண்டு. படம் வழுக்கிக்கொண்டு ஓடும். விலை, குழு ஒதுக்கியிருந்த முப்பதாயிரத்துக்குள் அடங்கியது.

தாமரை உட்கார்ந்தாள். நான் அவள் ஓட்டி அதற்கு முன் பார்த்ததில்லை. கண் சிமிட்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, வளைவில் பாதி உடம்பே சாய்ந்து, முன்னால் போன அத்தனை வண்டியையும் ஒவ்வொன்றாக ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போனாள். கடைப் பையன்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

“பாப்பா சூப்பரா ஓட்டுது சார்” என்றார் வெங்கடேஷ்பாபு.

இவர் குனிந்து திரையை உற்றுப் பார்த்தார். “இது எந்த ஊரு ரோடு? குழியே இல்லையே.”

“வெளிநாடா இருக்கும்ணே” என்றார் தொழில்நுட்ப உறுப்பினர்.

“இதே போதும்ப்பா, இதையே எடுத்துருவோம்” என்று தாமரை எழுந்தாள்.

“அப்படி எடுத்தோம் கவுத்தோம்னு செய்ய முடியாது. மூணு கொட்டேஷன் வேணும்.”

வெங்கடேஷ்பாபு அசரவில்லை. மேஜை டிராயரை இழுத்தார். மூன்று வெவ்வேறு கம்பெனிப் பெயர் போட்ட தாள்கள் வந்தன. மூன்றிலும் அவரே விலை எழுதினார், அவரே மூன்று விதமாகக் கையெழுத்துப் போட்டார். மூன்று கம்பெனிக்கும் போன் நம்பர் ஒன்றுதான். நான் அதைச் சுட்டிக்காட்டினேன்.

“அதனால என்ன? மூணும் தனித்தனித் தாள்ல இருக்கா, இல்லையா?” என்றார் இவர். “எங்க ஆபீஸ்ல இதுக்கு மூணு மாசம் இழுப்பாக. தம்பி நின்ன இடத்துல முடிச்சிட்டாரு. இப்படிப்பட்ட ஆளுகதான் நாட்டுக்கு வேணும்.”

பிறகு ஒவ்வோர் உறுப்பாகச் சரிபார்க்க ஆரம்பித்தார். கிராபிக்ஸ் கார்டில் பேனா நின்றது.

“இது என்னத்துக்கு?”

“கேம் ஆடத்தான் சார்.”

“நோக்கம் கல்வின்னுல்ல போட்டிருக்கு?”

மகள் என்னைப் பார்த்தாள். நான் அங்கே தொங்கிய மவுஸ்களைப் பார்த்தேன்.

“கல்விக்கு இது வேணுமா தம்பி? மனசாட்சிப்படி சொல்லுங்க.”

வெங்கடேஷ்பாபு நல்ல மனிதர் என்று சொன்னேனே, அதுதான் வினை. “கல்விக்குத் தேவையில்ல சார். சாதாரணப் படிப்பு மாடல் இருக்கு, அதுவே போதும். ஆனா அதுல பின்னால வேற கார்டு போடணும்னா ஒரே ஒரு இடந்தான் இருக்கும்.”

“எங் கடையில கார்டு இல்லாமத்தான ஓடுது” என்றார் சோலை.

“நோக்கத்துக்கு மேற்பட்ட பொருள்” என்று இவர் அதைச் சுழித்து நீக்கினார். கறுப்புப் பெட்டி போய்ப் படிப்பு மாடல் வந்தது. ஒதுக்கீட்டில் கணிசமாக மிஞ்சியது.

“மிச்சத்தைப் பேங்க்ல போட்டுருவோம்” என்றேன் நான்.

இவர் பதறிப்போனார். “மார்ச்சு முடியப்போகுது, ஞாபகம் இருக்கா? ஒதுக்குன நிதியை இந்த வருஷமே செலவழிக்கலைன்னா லாப்ஸ் ஆயிரும். அடுத்த வருஷம் ஒதுக்கீட்டைக் குறைச்சிருவாக.”

“யாரு குறைப்பா?”

“நான்தான்.”

“அப்ப அந்த மிச்சத்துல கிராபிக்ஸ் கார்டையே வாங்கலாமேப்பா!” தாமரை கிட்டத்தட்ட அழுதுவிட்டாள்.

“காசு இருக்கு தாயி. தலைப்பு இல்லையே.”

தலைப்பு இருக்கிற பொருள்கள் தேடப்பட்டன. சோலை வயிறு அதிர்கிற மாதிரி ஒரு ஸ்பீக்கர் கேட்டார். ஆங்கில உச்சரிப்புப் பயிற்சி என்று அது ஏற்கப்பட்டது. தலைவர் நீல விளக்கு எரிகிற கேபினட் பெட்டி கேட்டார். கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று தெரியுமாம். மகளிர் பிரதிநிதியையும் கேட்டார்கள். கேட்கும்போது சொல்லாமல் இருந்தால் மகளிருக்குத்தான் இழுக்கு. நான் கம்ப்யூட்டரிலேயே டிவி தெரிய வைக்கிற டிவி கார்டு கேட்டேன். செய்தி பார்க்கலாம், பொது அறிவு வளரும். ஒரு மனதாக நிறைவேறியது.

“அந்த ஒத்தை இடத்துல அதுதாம்மா உக்காரும்” என்றாள் தாமரை.

“ஒண்ணு போதும்” என்றார் தலைவர்.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. சந்தனம், குங்குமம், பூச்சரம். மேஜைக்குக் கீழே உருளுகிற சக்கரம் இருந்ததால் சோலை நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து முன்னால் தள்ளி நசுக்கினார். அந்தக் கம்ப்யூட்டரில் ஓடிய சக்கரம் அது மட்டும்தான்.

தாமரை கார் ரேஸ் சிடியைப் போட்டாள். திரை கறுத்தது. இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. எல்லோரும் என்னைப் படிக்கச் சொன்னார்கள். தகுந்த கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் இது இயங்காது என்று படித்துக் காட்டினேன். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

“ஏப்ரல் பிறந்ததும் புதுசா விண்ணப்பம் குடு. பரிசீலிப்போம்” என்றார் இவர்.

ஏப்ரல் பிறந்தது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. போட்டி வருகிற சனிக்கிழமை.

செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பாட்டு நேரம். நான், இவர், சோலை, இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கே வந்துவிடுகிற அழகம்மாள், நாலு பேரும் ஹாலில். டிவியில் சீரியல். பக்கத்திலேயே கம்ப்யூட்டரிலும் அதே சீரியல். டிவியைவிடக் கம்ப்யூட்டரில் ஒரு மூச்சு தாமதமாக வரும். டிவியில் அந்தப் பெண் அழுது முடித்தபின் கம்ப்யூட்டரில் அழ ஆரம்பிப்பாள். ஒரு சீரியலை இரண்டு தடவை பார்த்த திருப்தி. அப்புறம் டிவியை எதற்கு அணைக்க வேண்டும்?

தாமரை கல்லூரியிலிருந்து வந்து பையைக்கூட வைக்காமல் நின்றாள். கையில் கைக்குட்டையில் சுற்றி எதையோ வைத்திருந்தாள்.

“அப்பா, என் கூடப் படிக்கிற வித்யாஸ்ரீ அவளோட பழைய கிராபிக்ஸ் கார்டைக் குடுத்துருக்கா. சும்மாத்தான் குடுத்தா. நம்மளுக்குச் செலவே இல்ல. சனிக்கிழமை வரைக்கும் அந்த டிவி கார்டைக் கழட்டிட்டு இதை மாட்டிக்கிறேன்ப்பா.”

“குழுவுல வை” என்றார் இவர், கண்ணை எடுக்காமல்.

“குழு இந்தா இங்கதான இருக்கு? சித்தப்பா, சொல்லுங்க.”

“அண்ணன் சொன்னாச் சரி” என்றார் சோலை, அவரும் கண்ணை எடுக்காமல். அழகம்மாள் “உஷ்” என்றாள்.

டிவியில் மாமியார் கையை ஓங்கிவிட்டாள். கம்ப்யூட்டரில் இன்னும் ஓங்கவில்லை. மூன்று நாளாக இழுத்துக்கொண்டு வந்த அறை அது. மகளிர் பிரதிநிதி என்கிற முறையில் எனக்கு ஓட்டு உண்டு. ஆனால் அறை விழுகிற நேரத்தில் யாரும் ஓட்டெடுப்பு நடத்துவதில்லை. தாமரை எனக்கும் திரைக்கும் நடுவில் வந்து நின்றாள். நான் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டேன்.

“அம்மா, நீதானம்மா கார்டு கேட்ட. நீ சரின்னு சொன்னாப் போதும், நானே கழட்டிக்கிறேன். நாலே நாள்மா. சரின்னு சொல்றியா?”

“கொஞ்சம் தள்ளி நில்லுடி, கம்ப்யூட்டர்ல இன்னும் அறை விழல” என்றேன்.