சுழல் நாற்காலி கை மாறிய விவரம்

மண்ணரை, திருப்பூர்.
14.9.2006

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் தங்கராஜ் வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கே நலமாக நின்றுகொண்டிருக்கிறேன். அங்கே தாங்களும், அத்தையும், தோட்டமும், போன வாரம் கோபித்துக்கொண்டு வந்த உங்கள் மகளும் நலம்தானே. போன் போட்டால் நீங்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருப்பதாக அத்தை சொல்கிறார். காலையிலும் அதையே சொல்கிறார், மத்தியானமும் அதையே சொல்கிறார். ஒரு மாட்டுக்கு அவ்வளவு தாகம் இருக்காது என்பதால் கடிதமாகவே எழுதிவிடுகிறேன்.

எனக்கு வேலை போய்விட்டது, கட்டிங் மாஸ்டர் நஞ்சப்பன் முன்னால் கைகட்டி நிற்கிறேன் என்று நீங்கள் கேள்விப்பட்டது பொய். நின்றது மட்டும் நிஜம். அது வைத்தியம்.

பனியன் கம்பெனியில் காலையில் கணக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் ராத்திரி வீட்டுக்குக் கிளம்பத்தான் எழுந்திருப்பேன் என்பது தங்களுக்குத் தெரியும். ஆடி மாதம் இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. டாக்டரிடம் போனேன். சர்க்கரையும் எட்டிப் பார்க்கிறது என்றார். "மாத்திரை அப்புறம் பாத்துக்கலாமுங்க. முதல்ல அந்தச் சேரை விட்டு எந்திரிங்க. நின்னுட்டே வேலை பாக்கற மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணுங்க" என்றார். வெளியே வந்தால் பெஞ்சில் நஞ்சப்பன் உட்கார்ந்திருக்கிறார். தன் கல்யாணத்துக்கு முந்தியே கட்டிங் டேபிளில் நின்று துணி வெட்ட ஆரம்பித்த மனிதர், காலில் நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. உள்ளே போய்விட்டு வந்து, "ஏனுங்க தங்கராஜ், என்னைய உக்காரச் சொல்றாருங்க" என்றார். "என்னைய நிக்கச் சொல்றாருங்க" என்றேன். இரண்டு பேரும் ஒரே வண்டியில் திரும்பினோம். பாலம் தாண்டுவதற்குள் ஏற்பாடு முடிந்துவிட்டது.

கட்டிங் டேபிளின் ஓரத்தில் என் கம்ப்யூட்டரை வைத்தோம். நின்று தட்ட உயரம் சரியாக இருந்தது. என் சுழல் நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். அவர் அதில் ஏறி உட்கார்ந்து, வெட்டுகிறவர்களுக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தார். கீபோர்டுக்குள் பஞ்சு போனது தவிர ஒரு குறையும் இல்லை. அந்த மாதக் கடைசியில் என் செருப்பை நானே குனிந்து மாட்டினேன். உங்கள் மகளே பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

அப்போதுதான் நூல் வியாபாரி ஆத்தப்பன் முதல் தடவையாகக் கம்பெனிக்கு வந்தார். நஞ்சப்பன் நாற்காலியில் இருக்கிறார், நான் பக்கத்தில் காகிதத்தோடு நிற்கிறேன். என்னைத் தாண்டிப் போய், "வணக்கமுங்க முதலாளி" என்று அவருக்குக் கும்பிடு போட்டார். நஞ்சப்பன் வாய் நிறைய வெற்றிலை, மறுத்துப் பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார். செக்கிங்கில் வேலை செய்யும் தேனிப் பக்கத்துக் கருத்தம்மா அதைப் பார்த்துவிட்டு, "நஞ்சப்பண்ணே கம்பெனியில பங்கு வாங்கிட்டாராம்ல, கணக்குப் பாக்குறவர எறக்கி நிக்க வச்சுட்டாங்க" என்று சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் சொல்லி முடித்தாள். மறுநாள் டீக்கடைக்காரர் அவருக்குக் கண்ணாடி டம்ளரிலும் எனக்குப் பேப்பர் கப்பிலும் டீ கொடுத்தனுப்பினார். "அதெல்லாம் இல்லீங்க, எனக்கு இடுப்பு வலிங்க" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். "வலிக்கத்தானுங்க செய்யும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள்.

பேச்சு உங்கள் மகள் காதுக்கும் போய், நேரில் பார்க்கவே கம்பெனிக்கு வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து நஞ்சப்பனின் பேனா கீழே விழுந்தது. அவர் சட்டென்று எழக் கூடாது, நான் குனிந்து பழக வேண்டும். குனிந்து எடுத்துக் கொடுத்தேன். நிமிர்ந்தால் வாசலில் உங்கள் மகள், கையில் எனக்குக் கொண்டுவந்த சாப்பாட்டுத் தூக்குப்போசி. போசியோடு உடுமலை பஸ் ஏறிவிட்டாள். அன்று ராத்திரி பூட்டைத் திறந்து, மோர் ஊற்றிப் பிசைந்து, அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டேன் மாமா. தனியாக உட்கார மனசு வரவில்லை.

இன்று காலை முதலாளி லிங்கசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நஞ்சப்பன் பங்கு போட்டிருக்கறதாவா பேசிக்கறாங்க?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடி வழியாகக் கட்டிங் பக்கமே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, நீங்க போய் வேலையப் பாருங்க தங்கராஜ்" என்றார். ஆகையால் என் உத்தியோகத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. நஞ்சப்பன் என்றைக்கும் போலக் கட்டிங் மாஸ்டர்தான். நாற்காலியையும் நாளையே திரும்ப வாங்கிக்கொள்கிறேன், இடுப்பு போனால் போகட்டும். இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகளைப் பஸ் ஏற்றிவிட வேண்டுகிறேன். அத்தைக்கு என் வணக்கம். இந்த வருஷமும் வாய்க்காலில் தண்ணீர் குறையாமல் வரவும், தாங்கள் இருவரும் சுகமாக இருக்கவும் அவிநாசியப்பரை வேண்டும்,

தங்கள் மருமகன்,
தங்கராஜ்

பி.கு.: உறையை ஒட்டும்போது முதலாளி கூப்பிட்டனுப்பினார். போனால், எதிரே நஞ்சப்பன் காபி குடித்துக்கொண்டிருக்கிறார். ஊரில் காட்டு நிலம் விற்ற பணம் அவரிடம் சும்மாதான் கிடந்ததாம். ஊரே பேசுகிறதே, நிஜமாகவே வந்துவிடுங்கள் என்று முதலாளி கேட்க, இவரும் சரி என்றுவிட்டார். நாளை முதல் பார்ட்னர். உங்கள் மகள் அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம், தீபாவளி கழித்து வந்தால் போதும். மற்றபடி எனக்கு மரியாதை குறையவில்லை. "கணக்க எப்பவும்போல நீங்களே பாத்துக்கங்க" என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் சொன்னார்கள். அரை மணி நேரம் பேசினோம். உட்காரச் சொல்லத்தான் இருவருக்கும் தோன்றவில்லை.