இடது பக்கத்தில் இருந்த மாமனார்

மாமியார் வீட்டில் "எனக்குத் தெரியாது" என்று சொன்ன மாப்பிள்ளை இதுவரை பிறக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதன் பலனைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் மாமனார் காலமாகி ஒரு வருடம் முடிந்திருந்தது. கிழக்குத் தாம்பரம் வீட்டில் நினைவு ஜெபக்கூட்டம். அவர் பள்ளிக்கூட வாத்தியார்; வாய் ஓயாமல் பேசிய மனிதர். பக்கவாதம் வந்து, கடைசி மாதங்களில் ஒரு சொல்கூடப் பேச முடியாமல்தான் போய்ச் சேர்ந்தார். அவர் குரல் மிச்சமிருந்த ஒரே இடம் எங்கள் கல்யாண டிஸ்க். வரவேற்பில் அவர் நன்றியுரை சொல்வார். ஆனால் வீடியோ எடுத்த புண்ணியவான் அதன்மேல் கீபோர்டு இசையைக் கொட்டி நிரப்பியிருந்தார்.

"அவர் பேசினது ஒரு தடவை தெளிவா காதுல விழுந்தா போதும் மாப்பிள்ளை," என்றார் அத்தை.

"அதுக்கென்ன அத்தை! பிளேயர்ல ஆடியோ அவுட்புட்டை மாத்தினா மணி மாதிரி கேட்கும்."

(ஆடியோவில் எனக்குத் தெரிந்தது சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்தான்.)

"மச்சான், வர்ற சத்தமே போதும். நோண்டாதீங்க," என்றான் மனைவியின் தம்பி டேவிட். முந்தின நாளே போட்டுப் பார்த்திருக்கலாம். நிபுணர்கள் அப்படியெல்லாம் பார்ப்பதில்லை.

கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் உறவுகள் எல்லாம் வந்து, சர்ச்சிலிருந்து இரவல் வாங்கிவந்த நாற்காலிகளில் நிறைந்திருந்தார்கள். ஜெபம் முடிந்து போதகர் தலையசைத்தார். டிஸ்க் ஓடியது, மாமனார் மைக் முன்னால் வந்தார். நான் கம்பீரமாக மெனுவைத் திறந்தேன். ஸ்டீரியோ, மோனோ லெஃப்ட், மோனோ ரைட், பிட்ஸ்ட்ரீம். பெயரே பெரிய இடத்துப் பெயராக இருந்ததால் பிட்ஸ்ட்ரீமை அழுத்தினேன். டிவி ஊமையானது. பதறிப்போய் ரைட்டைத் தட்டினேன். கீபோர்டு மட்டும் வந்தது.

திரையில் மாமனாரின் உதடுகள் அசைந்தன. குரல் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாங்கள் பார்த்தது அதே கோலத்தைத்தான். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் கெடுத்துவிட்டேன்.

அவசரத்தில் எதையோ அழுத்தியதில் டிஸ்க் பின்னோக்கி ஓடி, உரைக்கு முந்தைய காட்சியில் நின்றது. மிச்சமிருந்த லெஃப்ட்டையும் அழுத்தினேன். இசை சட்டென்று நின்றது. இசை முழுக்க வலது பக்கத்தில்; இந்த இடது பக்கத்தில் இருந்தது கேமரா பிடித்த சத்தம் மட்டும். மேடையோரம் மாமனார் அத்தையிடம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கீபோர்டு காப்பாற்றிய ரகசியம் கூடம் முழுக்கக் கேட்டது.

"பையன் தங்கம்தான், இல்லேங்கல. ஆனா அயர்ன் பாக்ஸைச் சரி பண்றேன்னு வந்து தெருவுக்கே கரண்டைப் போக்கிட்டுப் போனவன். நம்ம வீட்ல ஸ்விட்ச் பக்கம் மட்டும் விட்டுடாத!"

ரிமோட்டும் கையுமாக நின்ற என்னை மொத்தச் சொந்தமும் திரும்பிப் பார்த்தது. போதகர் வேதப்புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். அதன் பின்னால் அவர் தோள் குலுங்கியது.

முதலில் வாய்விட்டுச் சிரித்தவர் அத்தை. ஒரு வருடமாகச் சிரிப்பையே மறந்திருந்தவர் சிரித்தார், சிரித்தபடியே அழுதார்.

"அவரேதான். அப்படியே அவரேதான். இன்னொரு தடவை போடுங்க மாப்பிள்ளை."

போட்டேன். அத்தை போதும் என்று சொல்லும் வரை, என்னைத் திட்டும் திட்டை நானே திரும்பத் திரும்பப் போட்டேன். மானம் கப்பலேறியது உண்மை. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நன்றியுரையை அன்று யாரும் கேட்கவே இல்லை.

இப்போது அந்த வீட்டில் நான் ஃபேன் போட எழுந்தால்கூட, டேவிட்டின் மகள் தாத்தா குரலில், "ஸ்விட்ச் பக்கம் விட்டுடாத!" என்று கத்துகிறாள். பிளேயர் அன்றிலிருந்து லெஃப்ட்டிலேயே இருக்கிறது. எந்தப் படம் போட்டாலும் பாதிச் சத்தம்தான். சரி பண்ணிவிடலாமா என்று டேவிட் ஒருநாள் கேட்டான். அத்தை ரிமோட்டை எடுத்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.