தாழ்ப்பாள் சென்சார் மீது ஓர் ஒழுங்கு நடவடிக்கை

மனித குலத்தில் பறக்கும் தகுதி பிறவியிலேயே வாய்த்தவர்கள் தரக்கட்டுப்பாட்டு மேலாளர்கள் மட்டுமே. மற்றவர்களைத் தரையோடு அழுத்திவைக்கும் குற்றம், குறை என்னும் பாரங்கள் அவர்கள் மேல் தங்குவதே இல்லை.

இரும்பு பீரோ கம்பெனியில் அந்தப் பதவியை அலங்கரித்தவர் நம் மேலாளர். பீரோக் கதவு சாத்தவில்லை என்று புகார் வந்தால் உடனே கூட்டம் கூட்டுவார். கூட்டத்தின் முடிவில் குற்றம் பூட்டு சப்ளை செய்தவன் தலையில் விடியும். கதவு அதற்குப் பிறகும் சாத்தாது. ஆனால் 'தரம்' காப்பாற்றப்பட்டுவிடும்.

இப்பேர்ப்பட்டவர் இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைப் பாகம் பாகமாகப் பெட்டிகளில் வரவழைத்து, கார் ஷெட்டிலேயே பொருத்திக் கட்டிக்கொண்டிருந்ததில் வியப்பில்லை. கார் தெருவில் காய்ந்தது. அவர் மனைவி பல் டாக்டர். வீட்டு முன்னறையில் கிளினிக். முதல் பயணத்தில் பக்கத்து இருக்கையில் தானே உட்காருவதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

தலைக்கு மேல் கவிந்து மூடும் கண்ணாடி மூடிக்கு இடம், வலம் என இரண்டு தாழ்ப்பாள்கள். தாழ்ப்பாளின் முளை முழுசாக உள்ளே போனால் பட்டாணி அளவு சுவிட்ச் ஒன்றை அழுத்தும். உடனே சிவப்பு விளக்கு அணையும். வலது விளக்கு அணைந்தது. இடது விளக்கு அணையவில்லை. விமானத்தைச் சோதிக்கும் அதிகாரி ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது.

மேலாளர் மூடியை மெல்ல மூடினார். ஓங்கி மூடினார். "இப்ப பாரு" என்று சொல்லி மூடினார். சிவப்பு.

"சென்சார் போச்சு" என்று தீர்ப்பளித்தார்.

"எப்படித் தெரியும்?" என்றாள் மனைவி.

"சிவப்பா எரியுதே."

"மூடலைன்னா எரியறதுதானே அதோட வேலை?"

"மூடியிருக்கு. நான்தானே மூடினேன்."

இதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை என்றாலும், அவர் நியாயவான். முறைப்படி விசாரணை நடத்தினார். புது சுவிட்ச் போட்டார், சிவப்பு. இன்னொன்று போட்டார், சிவப்பு. பழைய குற்றவாளியை வலது பக்கத்துக்கு இடமாற்றம் செய்தார். அங்கே அது அப்பழுக்கில்லாமல் வேலை பார்த்தது. வலது பக்கத்தில் நல்ல பெயர் எடுத்திருந்த சுவிட்சோ இடது பக்கம் வந்ததும் கெட்டுப்போனது. ஒயரில் கோளாறா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார். ஒயர் நன்றாக இருப்பதாக மீட்டர் பீப் அடித்தது. மீட்டரும் சரியில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

கடைசியில் விவகாரம், வீட்டில் விமானம் கட்டுவோரின் போன் குரூப்புக்குப் போனது. அங்கே 'ரெட்டை இறக்கை' என்று அழைக்கப்பட்ட மூத்த உறுப்பினர் போனிலேயே கூப்பிட்டார்.

"சுவிட்சுக்குப் போற ரெண்டு ஒயரையும் கழட்டி, சேர்த்து முறுக்கிடுங்க சார். நான் அப்படித்தான் பண்ணியிருக்கேன். விளக்கு தொந்தரவே இல்லை."

முறுக்கினார். விளக்கு அணைந்தது. விஞ்ஞானம் வென்ற பெருமிதத்தில் மனைவியைக் கூப்பிட்டு இருக்கையில் உட்காரவைத்து, மூடியைத் தாழிட்டார்.

அவள் உள்ளேயிருந்து ஒரு விரலால் இடது பக்கத்தைத் தள்ளினாள். மூடி எழும்பிக்கொண்டது. இடைவெளி வழியாகக் கையை நீட்டினாள்.

"விளக்கு அணைஞ்சிருக்கு. நான் வெளியே வந்துட்டிருக்கேன்."

மேலாளர் அந்தக் கையைப் பார்த்தார். மேலே பறக்கையில் அதே இடைவெளியில் புகப்போகும் காற்றை அப்போதுதான் நினைத்துப் பார்த்தார்.

அவள் கிளினிக்குக்குப் போய் ஒரு நீலத் தாள் கொண்டுவந்தாள். பல்லை அடைத்ததும் நோயாளியைக் கடித்துப் பார்க்கச் சொல்லும் தாள். பட்ட இடத்தில் மை ஒட்டும். அதை ஒவ்வொரு பக்கச் சுவிட்சுக்கும் முன்னால் பிடித்தாள்.

"மூடுங்க. திறங்க."

வலது முளையில் நீலப் பொட்டு. இடது முளை பளிச்சென்று இருந்தது.

"கடி சேரலை" என்றாள். "முளை பாதி வழியிலயே நின்னுடுது. பல்லு மேல தப்பில்லை, தாடைதான் கோணல். தாடையைப் பொருத்தினது யாரு?"

மேலாளர் வரைபடத்தை எடுத்து, தாடைக்கு ஒரு சப்ளையரைத் தேடினார். அகப்படவில்லை. தாடையான தாழ்ப்பாள் தாங்கியைத் தன் கையால், தன் கண் அளவில் பொருத்தியவர் அவரேதான். திருகாணிகளைத் தளர்த்தி, தாங்கியை ஒரு நகக்கனம் நகர்த்தி இறுக்கினார். முறுக்கிய ஒயரைப் பிரித்துச் சுவிட்சில் மாட்டினார். மூடினார். விளக்கு அணைந்தது, தாளை வைத்தால் நீலம் ஒட்டியது, மூடி அவள் தோள் கொடுத்துத் தள்ளியும் அசையவில்லை.

"ஞாயித்துக்கிழமை அதிகாரி சரின்னுட்டா ஏறிக்கறேன்" என்றாள்.

'பிரச்சினை தீர்ந்தது' என்று மேலாளர் குரூப்பில் அறிவித்தார். மேதை, வழிகாட்டி, ஆகாயச் சிற்பி என்று பாராட்டுகள் கொட்டின. நடுவே ஒருவர் கேட்டிருந்தார்: 'ஒயரை முறுக்கினதுதானே சார்? நானும் முறுக்கிட்டேன். நாளைக்குப் பறக்கறோம். வீட்டுக்காரியும் வர்றா.'

மேலாளர் 'சப்ளையர்' என்று தட்டினார். அழித்தார். 'ஈரப்பதம்' என்று தட்டினார். அதையும் அழித்தார். ஷெட்டில் அவள் நீலத் தாளை மடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுதினார்: 'உடனே ஒயரைப் பிரிங்க. நாளைக்குப் பறக்காதீங்க. சென்சார்கள் எல்லாம் சரி. பழுதான பாகம்: கட்டியவர். மாற்றுப் பாகம் கிடைப்பதில்லை.'

குரூப்பில் ரெட்டை இறக்கையிடமிருந்து ஒரு வரி வந்தது.

'என்கிட்ட இருக்கற பாகமும் அதே மாடல்தான் சார்.'