கியர் சைக்கிளில் ஒரு 'டிக்'

அரைகுறையாகத் தொழில் தெரிந்தவன் கையில் ஸ்பேனர் கிடைத்தால் வீட்டில் ஒரு சாமானும் முழுசாக இருக்காது. யாரையோ சாடை பேசுவதாக நினைக்க வேண்டாம், என்னைத்தான் சொல்கிறேன்.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டு, உச்சிப்புளிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்த காலம். அக்கா வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. லீவில் வந்த மச்சான், ஆசை ஆசையாக வாங்கிய கியர் சைக்கிளை (மலை ஏறுகிற சைக்கிளாம், எங்கள் பக்கம் மலை என்றால் வாலிநோக்கத்தில் குவித்து வைத்திருக்கும் உப்புதான்) என் பொறுப்பில் விட்டார். கூடவே பெரிய பக்கிள் வைத்த பெல்ட் ஒன்றும் கொடுத்தார்.

"மாப்ள, அடுத்த லீவுக்கு வாரப்ப சைக்கிள் இப்படியே இருக்கணும். இருந்துச்சுன்னா ஒன்னய எங்க பட்டறைக்கு இழுத்துக்கிர்றேன்."

அன்றிலிருந்து நான் மனத்தளவில் சிங்கப்பூர்வாசி. ஒன்றரை வருடம் அந்தச் சைக்கிளைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டேன். மச்சான் வர ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு லாரி என்னை உரசுவது போலப் போனதை யாரோ வீட்டில் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அம்மா பதறிப்போய், தர்காவில் மந்திரித்த தாயத்து ஒன்றை வாங்கிவந்து என் அரைஞாண் கயிற்றில் கட்டிவிட்டார்.

அந்த வாரம்தான் சைக்கிளில் சத்தம் ஆரம்பித்தது. மிதித்தால் 'டிக்'. மிதிப்பதை நிறுத்தினால் சத்தமும் நின்றுவிடும். வீட்டு வாசலில் கைலியோடு வட்டமடித்தால் ஒன்றுமில்லை. பேண்ட் மாட்டிக்கொண்டு புதுமடம் ரோட்டில் இறங்கினால் மறுபடியும் 'டிக்'. கடற்கரை உப்புக்காற்று பெடலைத் தின்றுவிட்டது என்று என் ஃபிட்டர் மூளை தீர்ப்பு எழுதியது.

எண்ணெய் விட்டேன். கிரீஸ் அப்பினேன். பெடலை மாற்றினேன். போகவில்லை. உச்சிப்புளி சைக்கிள் கடை பாயிடம் கொண்டுபோனேன். அவர் ரயில்வே கேட் வரை ஓட்டிவிட்டு வந்தார்.

"சத்தமே இல்லையே தம்பி."

"ஒங்க வெயிட்டுக்கு வராது பாய். நான் ஓட்டுனாத்தான் வருது."

"அப்ப நீங்க ஓட்டாம இருங்க."

நல்ல யோசனைதான். கேட்டிருந்தால் இன்று வேறு மாதிரி இருந்திருப்பேன்.

மச்சான் வெள்ளிக்கிழமை வருவதாகத் தகவல். புதன்கிழமை காலை வாசலில் சாக்கை விரித்துச் சைக்கிளை முழுவதுமாகக் கழற்றினேன். மதியம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இரண்டு நாள் முன்னதாகவே வந்து இறங்கிய மச்சான் முதலில் பார்த்தது என்னை அல்ல. தட்டில் போட்டு வைத்திருந்த பேரிங் பால்ஸை இரை என்று நினைத்துக் கொத்திக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக் கோழியை.

"என்ன மாப்ள இது?"

"ஒங்க சைக்கிள் மச்சான்."

அவர் திட்டவே இல்லை. (திட்டியிருந்தால் தேவலை.) உதிரிகளைச் சாக்கோடு அள்ளிக்கொண்டு இருவரும் பாய் கடைக்குப் போனோம். சாயங்காலத்துக்குள் பாய் பூட்டிக் கொடுத்துவிட்டார். மச்சான் ஓட்டினார். சத்தம் இல்லை. நான் ஏறினேன்.

டிக். டிக். டிக்.

"கேட்டியளா மச்சான்!" என்று கத்தினேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

மச்சான் காதைச் சாய்த்துக்கொண்டே கூட ஓடிவந்தார், பின்னாலேயே பாயும். பஸ் ஸ்டாப் பக்கம் வந்ததும், "நில்லு மாப்ள, சட்டையத் தூக்கு" என்றார். பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் மொத்தமும் பார்க்கத் தூக்கினேன். கயிறு கொஞ்சம் நீளம். தாயத்து பேண்டுக்கு வெளியே வந்து பெல்ட்டுக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. மச்சான் அதை விரலால் சுண்டினார். அது பக்கிளில் போய் மோதியது.

'டிக்.'

பாய் சிரிப்பை அடக்க முடியாமல் ரோட்டோரத்தில் உட்கார்ந்தேவிட்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "ஒரு மாசமா எங்கனயும் விழுகாம வந்தான்ல? அப்பறம் என்ன?"

"அதெல்லாம் சரி அத்தை," என்றார் மச்சான். "கப்பல்ல ஆயிரம் எடத்துல சத்தம் வரும். இவன அங்கன விட்டா கப்பலக் கழட்டிச் சாக்குல பரப்பிருவான். இங்கனயே இருக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கிரீஸ் கையைக் கழுவக் கிணற்றடிக்குப் போனவன் அழுதேன். கனவில் ஒன்றரை வருடம் குடியிருந்த ஊர் ஒரே சாயங்காலத்தில் கைவிட்டுப் போனது உண்மையாகவே வலித்தது.

இப்போது உச்சிப்புளியில் பம்புசெட் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறேன். மோட்டார் சத்தம் போடுகிறது என்று யார் கூப்பிட்டாலும், ஒரு நட்டைத் தொடுவதற்கு முன் என் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். தாயத்து இன்னும் அங்கேதான் இருக்கிறது. பெல்ட்டைத்தான் விட்டுவிட்டேன்.

மச்சான் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டார். போன மாதம் போன் செய்து, "மாப்ள, கார்ல என்னமோ சத்தம் வருது, கொஞ்சம் வந்து பாக்குறியா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா போனுக்குக் கேட்கும்படி கத்தினார்:

"மொதல்ல அவுகளச் சட்டையத் தூக்கிப் பாக்கச் சொல்லுடா!"