மூட்டைக்குள் பல்

மார்ச் 12. இன்று ஒரு சின்னத் தவறு. மாலை வகுப்புப் பயிற்சியை என் போல்டரில் செய்யாமல் அத்தானின் படங்கள் இருக்கும் போல்டரில் செய்துவிட்டேன்.

டைரியில் இப்படி எழுதிவிட்டுத் தங்கை யோசித்தாள். 'சின்ன' என்பதைக் கோடு போட்டு அடித்தாள்.

பயிற்சி எளிதுதான். யாரோ எழுதி வைத்த ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பு ஒன்றை, அதாவது லைப்ரரியை, இன்ஸ்டால் செய்து, அதைக் கொண்டு ஒரு வலைப்பக்கத்தில் படங்களின் வரிசையைக் கலைக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் பண்ட்லர் என்ற மென்பொருளிடம் கொடுத்து ஒரே மூட்டையாகக் கட்டி, 'வகுப்பு' போல்டரில் போட வேண்டும். அத்தான் பல் டாக்டர். அவர் போல்டரில் இருந்த படங்களில் முகமே இல்லை, எல்லாம் திறந்த வாய்கள். அவற்றையே கலைத்து, மூட்டையும் கட்டினாள். பக்கம் வேலை செய்தது. ஆனால் லைப்ரரி கொண்டுவந்த பைல்கள் அத்தானின் போல்டரில் குவிந்து கிடந்தன.

"அக்கா, அத்தான் பார்த்தா இனி கம்ப்யூட்டரைத் தொடவிட மாட்டார். வகுப்பே போச்சு."

"ஒண்ணொண்ணா பொறுக்காதடி. மொத்தமா அழி," என்றாள் அக்கா, துணி மடித்தபடி.

"படமும் போயிடுமே?"

"அவர்கிட்ட வேற காப்பி இருக்கும்."

அழித்தாள்.

"குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிடு. சுத்தமா இருக்கும்."

அதையும் செய்தாள். போன் அடித்தது. அத்தான்.

"நாளைக்கு நூறு டாக்டருங்க முன்னாடி பேசணும்மா. படமெல்லாம் பத்திரமா இருக்கா? வேற காப்பி கிடையாது."

தங்கை போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "அக்கா, இப்ப என்ன பண்றது?"

"எதை அழிச்சியோ அதை மறுபடி இன்ஸ்டால் பண்ணு."

பண்ணினாள். லைப்ரரி ஒரு பைல் குறையாமல் திரும்பி வந்தது. பல் ஒன்றுகூட வரவில்லை.

"போனா போகுது, விடு," என்றுவிட்டு அக்கா ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

அத்தான் வந்தார். செருப்பைக் கழற்றும் முன்பே தங்கை எல்லாவற்றையும் உளறிக் கொட்டினாள். "இந்தப் பக்கத்துக்காகத்தான் அத்தான்..." என்று வகுப்பு போல்டரைத் திறந்தாள்.

திரையில் பற்கள் வரிசையாக இளித்தன.

அப்போதுதான் வகுப்பில் சொன்னது உறைத்தது. பண்ட்லர் தனக்கு வேண்டிய படங்களை நகல் எடுத்து மூட்டைக்குள் வைத்துக்கொள்ளும்! அத்தான் எண்ணிப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை.

"தப்பிச்சோம்மா!" என்று நாற்காலியில் சரிந்தார். தங்கைக்கு மூச்சு வந்தது.

அக்காவின் கையிலிருந்த துணி நழுவியது.

"அத்தனையும் என் பல்லுடி! நூறு பேர் முன்னாடி மானம் போகாம தப்பிச்சேன்னு இப்பதானே நிம்மதியா இருந்தேன்!"

நாளைய வேலை: பயிற்சியை என் போல்டரில் மறுபடி செய்ய வேண்டும். அக்காவிடம் யோசனை கேட்கக் கூடாது.