பத்திரமாக வைத்த மூன்றாவது டிஸ்க்

பொருளைத் தொலைக்கிறவர்கள் இரண்டு வகை. கவனமில்லாமல் தொலைக்கிறவர்களால் ஊருக்குக் கெடுதல் இல்லை. இரண்டு நாள் தேடினால் கிணற்றடியிலோ கோழிக்கூட்டிலோ சாமான் கிடைத்துவிடும். கவனமாகத் தொலைக்கிறவர்கள் மற்ற வகை. இவர்கள் தொலைத்தால் தொலைத்ததுதான். இவர்களுக்குப் பத்திரக்காரர் என்று பெயர் வைப்போம். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார், அவசரப்பட்டு ஆள் காட்ட வேண்டாம்.

ஆளை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. சேட்டுப் பையின் வாயை ஊசி குத்தி மூடியிருக்கும். குடையில் பெயர் எழுதியிருக்கும், எழுதிய இடத்தின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கும், ஒட்டுத்தாளின் மேல் நூல் சுற்றியிருக்கும், ஆகையால் பெயரை எவராலும் வாசிக்க முடியாது. சண்டைக் காலத்தில் வவுணதீவுச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறங்கும் சனம் அடையாள அட்டையைக் கையிலே பிடித்துக்கொண்டு இறங்கும். பத்திரக்காரர் மட்டும் வெறுங்கையோடு இறங்குவார். சிப்பாய் கை நீட்டியதும் சுவர்ப்பக்கம் திரும்பி, சேட்டின் இரண்டு பொத்தானைக் கழற்றி, இடுப்பிலிருந்து துணிப்பை ஒன்றை எடுத்து, அதற்குள் இருந்து ஒரு சொப்பிங் பையை எடுத்து, றப்பர் வளையத்தைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு, அதற்குள் இருக்கும் இன்னொரு பையின் முடிச்சை நகத்தால் நோண்டத் தொடங்குவார். சிப்பாய் துவக்கை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றுவான். வெயிலில் பஸ் முழுக்க நிற்கும். அதே பஸ்ஸில் வந்த, வாவிக்கு அக்கரையில் படுவான்கரையில் வயல் செய்கிற அன்னப்பூரணி ஒருநாள் அளந்து பார்த்தாள். ஒரு வாய் வெற்றிலை போட்டு, மென்று, துப்பி முடிகிற நேரம்.

அன்று அவள் அளந்த ஆள் நல்லரத்தினம். கல்லடியில் இருந்த மறுவாழ்வுச் சங்கமொன்றின் அலுவலகத்துக்குப் பொறுப்பாளர். நேர்மையான மனிதர். பத்துச் சதம் திருடியதில்லை. திருடினாலும் எங்கே வைத்தோம் என்று மறந்திருப்பார். தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்தில் மனைவி சீதேவியின் நாலு பவுண் காப்பை வாங்கிப் பத்திரமான இடத்தில் வைத்தார். இன்றுவரை எந்தக் கள்ளனும் அதை எடுக்கவில்லை. சீதேவியும் எடுக்கவில்லை.

கடல் வந்து ஊரை அடித்த பிறகு வெளிநாட்டுக்காரர் அந்தச் சங்கத்துக்கு ஒரு பெரிய கணினியைக் கொடுத்திருந்தார்கள். கொடுக்கும்போதே கிழம். தையல் மெஷின் உயரம். அதன் முகத்தில் மூன்று இழுப்பறை, இழுப்பறைக்கு ஒன்றாக மூன்று டிஸ்க். படுவான்கரைச் சனத்துக்கு அரசாங்கம் கொடுத்த காணிப் பெர்மிட்டுகளையெல்லாம் வாங்கி, அதற்குள் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். அன்னப்பூரணியின் மூன்று ஏக்கர் வயலும் அதற்குள்தான் இருந்தது. அசல் தாள் இல்லை. 2007 பங்குனியில் ஷெல்லுக்குத் தப்பித் தோணியில் வாவியைக் கடந்தபோது மூட்டை தண்ணீரில் விழுந்து, தாள் கூழாகிவிட்டது.

முகாமில் ஐந்து மாதம் கிடந்துவிட்டு ஊருக்குத் திரும்பினால், செத்த புருசனின் ஒன்றுவிட்ட தம்பி தங்கராசா வயலில் வரம்பு கட்டிக்கொண்டு நிற்கிறான். அண்ணன் தனக்கு வாயால் கொடுத்த வயலாம். அண்ணன் வாய் திறக்க முடியாத இடத்தில் இருக்கிறான் என்கிற தைரியம். வெள்ளிக்கிழமை காணி விசாரணை. தாள் காட்டினால் அவள் வயல், காட்டாவிட்டால் அவன் வயல். திங்கட்கிழமை காலையிலேயே அன்னப்பூரணி கல்லடிக்கு வந்துவிட்டாள்.

"தம்பி, என்ட பெர்மிட்டுட கொப்பிய எடுத்துத் தாங்க."

"அக்கா, ஒண்டுக்கும் யோசியாதிங்க. எல்லாம் பத்திரமா இரிக்கி."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் வாசலுக்குப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்.

"எங்க இரிக்கி?"

"இஞ்ச இல்ல."

"கொம்பியூட்டர் இஞ்சதானே நிக்கிது?"

"கொம்பியூட்டர் இஞ்சதான். அதுக்குள்ள இருந்ததுதான் இஞ்ச இல்ல."

பிறகு பெருமையாகக் கதை சொன்னார். அந்தப் பங்குனியில் ஷெல் போகிற அதிர்வில் அலுவலகக் கூரைத் தகரம் ஆடியது. ஊரில் பெற்றவர்கள் மூத்தவளை வாழைச்சேனைக்கும் நடுவிலாளைக் கல்முனைக்கும் அனுப்பிவிட்டுக் கடைசியை மடியில் வைத்திருந்த காலம். எது நடந்தாலும் ஒன்றாவது மிஞ்சட்டும் என்று, அழுதழுது பிரித்த காலம். நல்லரத்தினம் அழாமல் டிஸ்க்குகளைப் பிரித்தார். ஒன்று வாழைச்சேனையில் தங்கச்சி வீட்டு அரிசிப் பெட்டிக்குள். இன்னொன்று ஓட்டமாவடியில் புடவைக்கடை உசனாரின் வீட்டில்.

"மூண்டாவது?"

"அதுதான் எல்லாத்திலயும் பத்திரமான இடம்."

"எந்த இடம் தம்பி?"

"இடம் தெரியும் அக்கா. இப்ப வாய்க்கு வருகுதில்ல."

இதை மறதி என்று நினைக்காதீர்கள். பத்திரத்தின் உச்சம் இது. தனக்கே தெரியாத இடத்தை, யார் பிடித்துக்கொண்டுபோய் எப்படி விசாரித்தாலும் சொல்ல முடியாதல்லவா?

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிப்போய் இரண்டு டிஸ்க்கைக் கொண்டுவந்தார். சோதனைச் சாவடிகளில் அவற்றை எடுத்துக் காட்டியதில் இருட்டிவிட்டது. புதன்கிழமை காத்தான்குடியிலிருந்து றவூப் வந்தான். ரீவி, ரேடியோ, கணினி எல்லாம் திருத்துகிறவன், பொறுமைசாலி. அரிசிப் பெட்டியில் இருந்த டிஸ்க் அரிசி மணத்தோடு நன்றாகச் சுழன்றது. உசனார் வீட்டு டிஸ்க் பல்லி மாதிரி டிக் டிக் என்றது. உசனாரின் மனைவி ஆமினா உம்மா அதைப் பழுதாகாமல் குளிர்சாதனப் பெட்டிக்குள் மீனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாளாம். பத்திரக்காரருக்குத் தோழர்களும் அப்படித்தான் அமைவார்கள்.

"இது மவுத்து, சேர். செத்துப்போச்சு," என்றான் றவூப்.

"பறவாயில்ல தம்பி. அதுக்குத்தானே பிரிச்சு வெச்சன். ஒண்டு மிஞ்சிற்றுதானே?"

றவூப் தலையில் கை வைத்தான். "சேர், இது ஒண்டொண்டும் ஒரு முழுப் புத்தகமில்ல. ஒரு புத்தகத்த வரிவரியா வெட்டி மூண்டுலயும் தூவியிரிக்கி. ஒண்டு மவுத்தானா மத்த ரெண்டும் சேந்து, அதுல என்ன இருந்ததெண்டு சொல்லிப்போடும். ரெண்டு இல்லாட்டி மிச்சம் ஒண்டு ஊமதான். மூண்டாவது வேணும்."

நல்லரத்தினத்துக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூடப் பக்கம் போகாத அன்னப்பூரணிக்கு விளங்கிவிட்டது.

"ஒரு சீலைய மூண்டாக் கிழிச்சு மூண்டு வீட்டுக்கு அனுப்பியிரிக்கீங்க. பத்திரந்தான். உடுக்கத்தான் ஏலா."

போதாததற்கு மெஷினுக்கு இன்னொரு நோய். போட்டுப் பத்து நிமிடத்தில் சூடேறித் தானாக அணைந்துவிடும். றவூப் மேசைக் காற்றாடியை வைத்துப் பார்த்தான். மின்சாரம் விட்டு விட்டு வந்தது. அன்னப்பூரணி ஒரு காட்போட் மட்டையை எடுத்துப் பக்கத்தில் குந்தியிருந்து விசிறினாள்.

"புருசன் கிடையில கிடக்கக்க கூட இப்பிடி விசிறல்ல நான்."

"உள்ளுக்குள்ள காத்துப் போற வழி அடைச்சிரிக்கி. பக்கத்து மூடியத் தொறந்தாத்தான் தெரியும்," என்றான் றவூப். மூடியில் ஓர் ஆமைப்பூட்டு தொங்கியது. "சேர், பூட்டத் தொறக்கிற திறப்பு எங்க?"

எல்லோரும் நல்லரத்தினத்தைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார்.

அதற்குள் திரையில் ஏதோ எழுத்து வந்தது. றவூப் வாசித்தான். "மத்த டிஸ்க்குகளக் காணல்ல, எல்லாத்தயும் புதிசா ஆக்கட்டா எண்டு கேக்குது."

"ஓமெண்டு குடுங்க தம்பி, புதிசு நல்லந்தானே!" என்று நல்லரத்தினம் விரலை நீட்டிக்கொண்டு பாய்ந்தார். றவூப் அந்த விரலை அந்தரத்தில் பிடித்தான்.

"சேர்! ஓமெண்டா உள்ளுக்க இருக்கிற அவ்வளவத்தயும் வழிச்சுப்போடும்!"

அன்னப்பூரணி கொஞ்சம் யோசித்தாள். இந்த மனிதனின் கையைக் கட்டவும் முடியாது, வெட்டவும் முடியாது. தன் வெற்றிலைப் பையை எடுத்து நீட்டினாள். "தம்பி, இதக் கொஞ்சம் பத்திரமாப் புடிச்சிருங்க."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தார். பின்னேரம்வரை மெஷினுக்கு ஆபத்தில்லை. பின்னேரம் அவள் பையைக் கேட்டாள்.

"இடம் தெரியும் அக்கா," என்றார் நல்லரத்தினம்.

வியாழக்கிழமை அன்னப்பூரணி வெற்றிலை இல்லாத வாயோடு வந்தாள். ஐம்பது வருடத்தில் முதல் தடவை. அந்த வாய்க்கு முன்னால் சிப்பாயும் நிற்கமாட்டான்.

"றவூப் தம்பி, பூட்ட உடை."

"ஐயோ அக்கா, சங்கத்துட சாமான்!" என்று நல்லரத்தினம் குறுக்கே வந்தார்.

"சங்கத்துட சாமான் போனாச் சங்கம் வெள்ளக்காரனிட்ட இன்னொண்டு கேக்கும். என்ட வயல் போனா நான் ஆரிட்டக் கேக்கிற? நாலு பவுண் காப்பு, என்ட வெத்திலப் பை, இப்ப மூண்டு ஏக்கர் வயல். இன்னும் என்னத்த ஒளிக்கப்போறாய்? உன்ட மனிசியக் கண்டு எத்தின நாள்? றவூப் தம்பி, நீ உடை."

திங்கட்கிழமை 'ங்க' போட்டுப் பேசியவள் வியாழக்கிழமை 'நீ'க்கு வந்துவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். நல்லரத்தினமும் கவனித்தார். ஒதுங்கி நின்றார்.

திருப்புளியைப் பூட்டு வளையத்துக்குள் செருகி றவூப் ஒரு நெம்பு நெம்பினான். பூட்டுத் தெறித்தது. மூடி திறந்தது. உள்ளே, காற்றுப் போகிற வழியை அடைத்துக்கொண்டு, கட்டம் போட்ட பழைய சாரனில் ஒரு பொட்டலம். சாரனுக்குள் சொப்பிங் பை. பைக்குள் பை. அதற்குள் பை. அதற்குள், சுட்ட மரவள்ளிக்கிழங்கு மாதிரிச் சூடாக, மூன்றாவது டிஸ்க். கூடவே ஆமைப்பூட்டின் திறப்பு.

முதலில் வாய் திறந்தவர் நல்லரத்தினம்தான். வெட்கப்பட்டல்ல, வெற்றிபெற்று.

"பாத்திங்களா! பத்திரமா இரிக்கெண்டு சொன்னன்தானே! டிஸ்க்கக் கழட்டின வெறும் பெட்டிக்குள்ள எந்தக் கள்ளன் டிஸ்க்கத் தேடுவான்?"

உண்மைதான். கள்ளன் தேடமாட்டான். ஒரு பகல் முழுக்க அந்தப் பெட்டிக்கு விசிறியவளே தேடவில்லையே.

றவூப் அதைச் சூடு ஆறவைத்து, பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல இழுப்பறைக்குள் வைத்தான். அதன் பிறகு மெஷின் அணையவுமில்லை. இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து, செத்துப்போன உசனார் வீட்டு டிஸ்க்கின் பங்கையும் சொல்லத் தொடங்கின. பின்னேரம் பிரிண்டர் கரகரவென்று ஒரு தாளைத் துப்பியது. அன்னப்பூரணிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. இடது பக்கத்து மூலையைப் பார்த்தாள். ஒருமுறை கன்றுக்குட்டி கடித்துத் தின்ற அரைவட்டம் அப்படியே இருந்தது. அந்தக் கன்றுக்கு அடிக்கப்போன புருசனைத் தான் மறித்ததும் ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் அவள் ஒருவரையும் ஏசவில்லை.

"அக்கா, இத நான் நாளைக்குவரை பத்திரமா…" என்று நல்லரத்தினம் கையை நீட்டினார்.

"கைய எடு!" என்றார்கள் அவளும் றவூப்பும் ஒரே வாயாக.

வெள்ளிக்கிழமை விசாரணை. தங்கராசா வெள்ளைச் சாரன் கட்டி, கையைக் கட்டிக்கொண்டு, பாவமாக நின்றான். சங்கத்தின் சாட்சிக்கு நல்லரத்தினம் வந்திருந்தார். பின்னால் ஐம்பது பேர் வரிசை.

"அம்மா, தாள் இரிக்கா?" என்றார் அலுவலர்.

"ஓம் ஐயா, இரிக்கி," என்றாள் அன்னப்பூரணி. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினாள். சட்டையின் இரண்டு கொளுக்கியைக் கழற்றி, ஒரு துணிப்பையை எடுத்து, அதற்குள் இருந்து ஒரு சொப்பிங் பையை எடுத்து, றப்பர் வளையத்தைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு, உள்ளே இருந்த பையின் முடிச்சை நகத்தால் நோண்டத் தொடங்கினாள். அலுவலர் பேனையை மூடினார். வரிசையில் நின்ற ஒரு கிழவன் ஒரு வாய் வெற்றிலை போட்டு, மென்று, வெளியே போய்த் துப்பிவிட்டும் வந்தான். நல்லரத்தினம் மட்டும், பரிசு வாங்கும் மகளைத் தகப்பன் பார்ப்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வயல் அவளுக்கே வந்தது. அலுவலர் முத்திரை குத்தித் தாளைத் திருப்பிக் கொடுத்து, "பத்திரமா வெச்சிருங்க அம்மா," என்றார். அவளும் வைத்தாள். புரட்டாசியில் விதைத்தாள். தை மாதம் தங்கராசா மேலிடத்துக்கு மனுப் போட்டான், தாளை மறுபடி கொண்டுவரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. அன்னப்பூரணிக்கு இடம் தெரியுமாம். இப்ப வாய்க்கு வருகுதில்லையாம்.

சிரியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. சிரித்து முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுக் காணி உறுதிப் பத்திரம் எங்கே? அலுமாரிக்குள், அப்படித்தானே? போய் எடுத்துக்கொண்டு வாருங்கள். உடனே எடுத்துவிட்டால் நீங்கள் வேறு வகை, உங்களைப் பற்றி வேறொருவர் எழுதட்டும். போன இடத்தில் அலுமாரித் திறப்பைத் தேடிக்கொண்டு நிற்கிறீர்களென்றால், பதறவேண்டாம். அது பத்திரமாகத்தான் இருக்கும்.